‘அங்கேயே இருங்கள்’ என்று இனி சொன்னால் யார் கேட்பார்கள்?

மாடிப்படி (இழையைத் தொடங்கியவர்)

மூன்று மாதமாக உள்ளே கிடந்து உறுத்துவதை இன்று எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இரவு நாற்காலியிலிருந்து எழுந்த அப்பா அப்படியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கை தூக்க வரவில்லை. பக்கவாதம் என்று எனக்கே புரிந்தது. அவசர எண்ணுக்கு அழைத்தேன். உடனே எடுத்து முகவரி, வயது, மூச்சு எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார்கள். பிறகு, “வண்டி கிளம்பிவிட்டது. அவரை நகர்த்தாதீர்கள், அங்கேயே இருங்கள்” என்றார்கள்.

இருந்தோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தேன். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். இருபத்தைந்தாவது நிமிடமும் அதே பதில். கார் வாசலில் நிற்கிறது, சாவி என் கையில் இருக்கிறது, மருத்துவமனைக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தபோது 52 நிமிடம் ஆகியிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே ஓட்டுநர் சொன்னார்: “எங்களுக்குத் தகவல் வந்தே கால் மணி நேரம்தான் ஆகிறது சார்.”

அப்பா பிழைத்துவிட்டார். அந்தக் கை மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தாமதத்தைக்கூட என்னால் ஏற்க முடிகிறது. கிளம்பாத வண்டியைக் கிளம்பிவிட்டது என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. எழுதிக் கேட்டேன். ‘உரிய நடைமுறைகள் பின்பற்றப்பட்டன’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் பள்ளியில், வெளியிலிருந்து வந்து தரம் பார்க்கும் தேர்வு. ஆசிரியர் வரிசை வரிசையாக நடந்து, தவறான விடைகள்மேல் விரலை வைத்துவிட்டுப் போனாராம். பிள்ளைகள் அழித்துவிட்டுச் சரியாக எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டான்: “அப்பா, அப்போ இந்த மார்க் யாருது?” பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா மயங்கி விழுந்தார். அவசர எண்ணை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஆனால் நான் செய்தது சரியா? உங்களில் யாருக்காவது இப்படிக் கை நின்றிருக்கிறதா?


இரவுப்பணி

மாடிப்படி, அந்தப் பக்கம் ஃபோன் எடுப்பவள் நான். உங்கள் ஊர் இல்லை, வேறு இடம். பதினோரு வருடமாக இதே வேலை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை கட்டாயம் கூப்பிடுங்கள். காரில் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றால் ஓட்டுகிற ஆளால் ஒன்றும் செய்ய முடியாது. இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறையும். அதை எப்படி அழுத்துவது என்று ஃபோனிலேயே சொல்லித்தர எங்களால் முடியும். பக்கவாதம் என்றால், வண்டியில் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோவார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் அதில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் பெரிது.

இனி உங்கள் கேள்வி. பல இடங்களில் வண்டி இல்லாமல் தாமதம் ஆவதில்லை. வண்டி மருத்துவமனை வாசலில் மாட்டிக்கொள்கிறது. உள்ளே படுக்கை காலியாகும்வரை நோயாளியை ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்காமல் அடுத்த அழைப்புக்குப் போகவும் முடியாது. என் திரையில் ஆறு வண்டிகள் தெரியும், ஆறும் வாசலில் நிற்கும். புதிதாக வந்த அழைப்பு வரிசையில் காத்திருக்கும்.

அந்த நேரத்தில் ‘கிளம்பிவிட்டது’ என்ற சொல் வாயில் வந்துவிடும். எதிர்ப்பக்கம் அழுகிறவரை அமைதிப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை இரண்டு முறை இல்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் கையில் சாவியோடு ஒருவர் அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தேன். ‘இன்னும் வண்டி ஒதுக்கவில்லை, நேரம் ஆகும்’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் முடிவெடுத்திருப்பீர்கள். அந்த முடிவை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.


வேலியோரம்

> அடுத்த முறை கட்டாயம் கூப்பிடுங்கள்

கேட்க நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் சொன்னதைக் கேட்டு இருந்தவர்களுக்கு என்ன ஆனது?

2014 ஏப்ரல் 16, தென்கொரியாவில் செவோல் கப்பல். பெரும்பாலும் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள். கப்பல் சாயும்போது ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னது ‘இருக்கும் இடத்திலேயே இருங்கள்’. பிள்ளைகள் கேட்டார்கள். கேப்டன் முதல் படகுகளிலேயே வெளியேறினார். இறந்தவர்கள் 304 பேர், அவர்களில் 250 பேர் ஒரே பள்ளி மாணவர்கள். அவசர எண்ணுக்கு முதலில் அழைத்ததே கப்பலில் இருந்த ஒரு மாணவன்தான். அவனிடம் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்டார்கள். மாணவர்கள் எல்லாரும் மீட்கப்பட்டார்கள் என்று அன்று காலையில் தவறான செய்தியும் வந்தது.

2017 ஜூன் 14, லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ. அங்கேயும் ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’. 72 பேர் இறந்தார்கள்.

சொல் பேச்சு கேட்கிற பிள்ளைதான் முதலில் போகிறது. என் பிள்ளைக்கு நான் சொல்லித்தருவது ஒன்றுதான்: யாரையும் நம்பாதே, உன் காலை நம்பு. பள்ளியும் அப்படித்தான். மார்க் அவர்களுக்கு, பாடம் நம் பாடு.


நீர்க்குழாய்

வேலியோரம் தம்பி, உங்கள் கோபத்தில் தவறு இல்லை. ஆனால் கிரென்ஃபெல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடம் தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்.

உயரமான கட்டடத்தில் ‘உள்ளேயே இருங்கள்’ என்பது முட்டாள்தனமான அறிவுரை அல்ல. ஒவ்வொரு வீடும் தனிப் பெட்டிபோலக் கட்டப்பட்டிருந்தால், ஒரு வீட்டில் பிடித்த தீ நெடுநேரம் அங்கேயே நிற்கும். எல்லாரும் புகை நிறைந்த ஒரே படிக்கட்டில் இறங்குவதைவிடக் கதவை மூடிக்கொண்டு இருப்பது பாதுகாப்பு. இந்த அறிவுரையால் பிழைத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், அவர்களைப் பற்றிச் செய்தியும் வராது.

கிரென்ஃபெல்லில் அந்த அடிப்படையே போய்விட்டது. புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் எரியக்கூடிய உறையை மாட்டியிருந்தார்கள். தீ சுவர் வழியாக வெளியே ஏறியது. நள்ளிரவு ஒரு மணிக்குச் சற்று முன்னால் தொடங்கிய தீக்கு, உள்ளேயே இருக்கும்படி சொன்ன அறிவுரை 2.47-க்குத்தான் கைவிடப்பட்டது. ஒன்றரை மணிக்கும் 1.50-க்கும் இடையிலேயே மாற்றியிருக்க வேண்டும், மாற்றியிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருக்கக்கூடும் என்று 2019-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தீயணைப்பு வண்டிகளில் வந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறினார்கள். குறை அவர்கள் தைரியத்தில் இல்லை. கண்ணெதிரே சுவர் எரியும்போது, ‘பயிற்சியில் சொன்னது இங்கே பொருந்தாது’ என்று சொல்லும் பழக்கத்தை யாரும் அவர்களுக்குத் தந்திருக்கவில்லை. நாங்களும் அப்படித்தான் பழக்கப்பட்டோம். மேலே இருப்பவர் சொல்லும்வரை அறிவுரை மாறாது.


கரும்பலகை

நான் ஆசிரியை, பத்தொன்பது வருடம். மாடிப்படி, உங்கள் மகன் கேட்டானே, அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவன் ஒன்பது பத்து வயதில் பிடித்ததைப் பெரியவர்கள் பலர் பிடிப்பதில்லை.

விரலை வைத்துவிட்டுப் போன ஆசிரியருக்காக வாதாட வரவில்லை. அது ஏமாற்று. ஆனால் அவர் தலைமேல் என்ன தொங்கியது என்றும் பாருங்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இதே கதை மிகப் பெரிதாக நடந்தது. தேர்வு மதிப்பெண் ஏறினால் பாராட்டும் ஊக்கத்தொகையும், ஏறாவிட்டால் வேலைக்கே ஆபத்து. ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பிள்ளைகளின் விடைத்தாள்களில் அழித்துத் திருத்தினார்கள். 2011-ல் வந்த மாநில விசாரணை 44 பள்ளிகளில் 178 பேர் தொடர்புபட்டதாகச் சொன்னது. 2015-ல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகள் தாளில் நன்றாகத் தேறியிருந்தார்கள். தேறிவிட்டார்கள் என்பதால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி போகவில்லை. இதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. பொய் மதிப்பெண் அந்தப் பிள்ளையின் வாயையே அடைத்துவிட்டது.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970-களிலேயே இதை எச்சரித்தார். ஓர் எண்ணை வைத்தே எல்லா முடிவும் எடுத்தால் அந்த எண் கெட்டுப்போகும், அது அளக்க வந்த காரியமும் கெட்டுப்போகும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவசர உதவிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். ‘எத்தனை நிமிடத்தில் அழைப்பை எடுத்தீர்கள்’ என்று மட்டும் கேட்டால் அழைப்பை வேகமாக எடுப்பார்கள். வண்டி எப்போது வந்தது என்பது வேறு பேச்சு.

யாரும் ஏமாற்றாமலே நம்பிக்கை போன கதையும் உண்டு. 2020-ல் தொற்றுக் காலத்தில் இங்கிலாந்தில் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை ஒரு கணக்கீட்டு முறை பள்ளியின் பழைய முடிவுகளை வைத்துத் திருத்தியது. பள்ளி இறுதியாண்டு மதிப்பீடுகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இறங்கின. இதுவரை நல்ல முடிவு காட்டாத பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைக்குத்தான் அடி. சில நாட்களில், ஆகஸ்ட் 17 அன்று, அதைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டுக்கே திரும்பினார்கள். ‘நீ எழுதாத தேர்வில் உன் பள்ளி உனக்காகத் தோற்றுவிட்டது’ என்பதை எந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை ஏற்கும்?


கூட்டல்கழித்தல்

கை நிற்பது பற்றி: அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2004-ல் பணியில் இல்லாத காவலர்கள் ஒருவரைக் கொடூரமாக அடித்தார்கள். அது செய்தியான பிறகு, குறிப்பாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில், அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகள் ஓராண்டில் சுமார் 22,000 குறைந்தன என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. மாடிப்படிக்கு நடந்தது நகரம் முழுக்க நடந்திருக்கிறது.


கூட்டல்கழித்தல்

என் பதிவுக்கு நானே திருத்தம் போடுகிறேன். 2020-ல் அதே ஆய்விதழில் மறுப்பு ஒன்று வெளிவந்திருக்கிறது. ஒரு சில விதிவிலக்கான எண்களை எடுத்துவிட்டால் அந்தச் சரிவு நிற்கவில்லை என்கிறது. முதல் ஆய்வைச் செய்தவர்கள் பதில் கொடுத்தார்கள், விவாதம் முடிந்தபாடில்லை. ஆகவே ‘நகரம் முழுக்க நடந்திருக்கிறது’ என்று நான் எழுதியது அதிகப்படி. அழிக்காமல் விடுகிறேன், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.


ஓரத்துவீடு

இழை முழுவதும் படித்தேன். ‘நம்பிக்கை போய்விட்டது’ என்கிறீர்கள். போக வேண்டுமென்றால் முதலில் இருந்திருக்க வேண்டும் இல்லையா? எங்களைப் போன்றவர்கள் காவலரைப் பார்த்தால் பாதையை மாற்றிக்கொள்வோம். பள்ளியில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்த நாள் முதல் அப்படித்தான். அவசர எண்ணுக்கு அழைத்தால் முதல் கேள்வியிலேயே என் பேச்சைக் கேட்டு எதிர்ப்பக்கக் குரல் மாறுவது எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கத்தில் 1989-ல் நெரிசலில் சிக்கி ரசிகர்கள் இறந்தார்கள், இன்றைய கணக்கில் 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறை தரப்பு சொன்னது. இறந்த ரசிகர்களின் ஊரான லிவர்பூல் மக்கள் இல்லை இல்லை என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். 164 காவலர் வாக்குமூலங்கள் கணிசமாக மாற்றப்பட்டிருந்தன, அவற்றில் 116-ல் காவல்துறைக்குப் பாதகமானவை நீக்கப்பட்டிருந்தன என்று 2012-ல் ஒரு தனிக் குழு சொன்னது. ரசிகர்கள் மேல் தவறில்லை, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு சொல்ல 2016 ஆனது. 27 வருடம். எளிய மனிதன் சொல்வதை நம்ப அவர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது. நாங்கள் உங்களை நம்புகிறோமா என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எங்களை நம்புகிறீர்களா என்று சொல்லுங்கள்.


இரவுப்பணி

ஓரத்துவீடு, குரல் மாறுவது உண்மை. என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டிருக்கிறேன். என்னிடமும் இருந்திருக்கும். பதிவுகளை எடுத்துக் கேட்கப்போகிறேன்.


ஆழிமணல்

வேலியோரம் சொன்ன ‘யாரையும் நம்பாதே’ என்பதற்கு என் பதில். இது எனக்கு மிக முக்கியமான விஷயம், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானில் இரண்டு பள்ளிக் கதைகள். ஒன்று இஷினோமாகியில் உள்ள ஒகாவா தொடக்கப்பள்ளி. நிலநடுக்கம் முடிந்து சுனாமி வரும்வரை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. சில பிள்ளைகள் மலைக்குப் போகலாம் என்று கேட்டதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஆசிரியர்கள் மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்து எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் போனார்கள். பிறகு, பிழைத்த பிள்ளைகளிடம் கல்வி அலுவலகத்தார் பேசி எடுத்த குறிப்புகள் தூக்கி எறியப்பட்டன. பெற்றோர்கள் வழக்குப் போட்டது பணத்துக்கு இல்லை, அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தவறு அந்த ஒரு நாளில் மட்டும் இல்லை, அதற்கு முன்பே பள்ளியும் நிர்வாகமும் சரியான தப்பிக்கும் திட்டம் வகுக்காததுதான் என்றது. 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது.

இன்னொன்று காமைஷி. அங்கே தோஷிதாகா கதாதா என்ற பேராசிரியர் பல வருடம் பள்ளிகளில் பேரிடர் பாடம் நடத்தினார். அவர் சொல்லித்தந்தவை மூன்று. முன்கூட்டி வரைந்த அனுமானங்களை நம்பி இருந்துவிடாதே. அந்த நேரத்தில் முடிந்த அளவு சிறப்பாகச் செய். நீ முதலில் ஓடு, உன்னைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். அபாய வரைபடத்தின்படி அங்கிருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கும் பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கும் தண்ணீர் வராது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து இறங்கி அவர்களோடு ஓடினார்கள். போய்ச் சேர்ந்த முதல் இடம் போதாது என்று இன்னும் மேலே, மறுபடி இன்னும் மேலே. பெரிய பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த நகரின் கிட்டத்தட்ட மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் அநேகமாக எல்லாரும் தப்பினார்கள்.

தம்பி, அந்தப் பிள்ளைகள் வரைபடத்தை நம்பவில்லை, சரிதான். ஆனால் அந்தப் பாடத்தை அவர்களுக்குத் தந்தது யார்? பள்ளி. ‘நாங்கள் சொல்வதும் தவறாகலாம்’ என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொன்ன பள்ளி. அப்படிச் சொன்ன பெரியவர்களைத்தான் அவர்கள் நம்பினார்கள். ‘உன் காலை நம்பு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் தனியாக ஓடத் தெரிந்திருக்கும். சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தெரிந்திருக்காது.


வேலியோரம்

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன். ஆனால் ஒகாவா குறிப்புகளைத் தூக்கி எறிந்தவர்களுக்கு என்ன ஆனது என்ற கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.


நீர்க்குழாய்

போக வேண்டாம். தவறை மறைக்காமல் சொன்னால் வழக்கு வந்து மூழ்கிவிடுவோம் என்று நிர்வாகிகள் பயப்படுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2001 முதல் தவறு நடந்தால் தாங்களே நோயாளியிடம் போய்ச் சொல்லி, இழப்பீடும் தர ஆரம்பித்தன. வழக்குகள் கூடவில்லை, குறைந்தன. 2010-ல் அந்த முடிவுகள் வெளியாயின. மருத்துவமனைக்கு முடிந்தது தீயணைப்புக்கும் பள்ளிக்கும் ஏன் முடியாது என்று நான் பணியில் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மாடிப்படி, பொதுவாகப் புகார் எழுதாதீர்கள். பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். நேரங்களைக் கேளுங்கள்.


இரவுப்பணி

ஆமாம். ஐந்து நேரங்கள் உண்டு: அழைப்பு எடுத்தது, கேஸ் பதிவானது, வண்டி ஒதுக்கியது, வண்டி கிளம்பியது, வந்து சேர்ந்தது. எல்லாம் கணினியில் தானாகவே பதிவாகும், யாரும் நினைவிலிருந்து சொல்லத் தேவையில்லை. ஒலிப்பதிவையும் கேளுங்கள். அது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருக்கப்படும், அதனால் இன்றே எழுதிக் கேளுங்கள். ‘அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்’ என்று ஒரு வரி கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கரும்பலகை

பள்ளிக்குப் போகும்போது அந்த ஆசிரியரைத் தண்டிக்கச் சொல்லிப் போகாதீர்கள். ‘என் பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எந்த ஆசிரியராலும் ஒதுக்க முடியாது.


மாடிப்படி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பள்ளியில் தலைமையாசிரியர் முதலில் மறுத்தார். கரும்பலகை அக்கா சொன்னபடியே கேட்டேன். அந்த ஆசிரியர் அங்கேதான் இருந்தார், கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே என் மகனை மாலையில் உட்கார வைத்து அதே தாளை மறுபடி எழுதச் சொன்னார். பின்னம் அவனுக்குச் சுத்தமாகப் புரியவில்லை என்று தெரிந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் அவரே சொல்லித்தருகிறார். அந்தத் தரத் தேர்வின் முடிவு மட்டும் மாறவில்லை. அதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன்.

நேரங்கள் வந்தன. அழைப்பு 10.14. பதிவு 10.16. வண்டி ஒதுக்கியது 10.51. கிளம்பியது 10.53. வந்தது 11.06. முதல் தடவை ‘கிளம்பிவிட்டது’ என்று கேட்டது 10.17-க்கு.

ஒலிப்பதிவையும் அவர்கள் அலுவலகத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். அப்பாவும் வந்திருந்தார். “வண்டி எங்கே” என்று நான் கேட்கிறேன். அந்தப் பெண் உடனே சொல்லவில்லை. விசைப்பலகைச் சத்தம் கேட்கிறது, மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது, அதன் பிறகுதான் சொல்கிறார். அப்பா மறுபடி ஒரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, “பாவம், அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

ஒதுக்காத வண்டியைக் கிளம்பியதாக இனிமேல் சொல்லக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுவதாக அந்த அதிகாரி வாயால் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே போடுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.